நாட்காட்டித் தகவலைச் செயலிகளுக்கிடையே பரிமாறுவது எப்படி: 'ஐகேலண்டர்' நிரலகத்துக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

எங்கள் வாசகர் வட்டம் ஞாயிறுதோறும் மாலை 6 மணிக்குக் கூடும். அதற்காக நான் எழுதிய சிறு செயலியில் 'நாட்காட்டியில் சேர்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். முதல் வாரமே மூத்த உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கூட்டத்தை இரவு பதினொன்றரைக்கு மாற்றிவிட்டீர்களா?" என்று கேட்டார். நான் எதையும் மாற்றவில்லை. நாட்காட்டிக் கோப்பை எந்த நிரலகத்தின் துணையும் இல்லாமல், எழுத்துச் சரங்களை ஒட்டி நானே தயாரித்திருந்தேன். எங்கோ பார்த்த மாதிரிக் கோப்பில் நேரத்தின் கடைசியில் 'இசட்' என்ற எழுத்து இருந்தது. அதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். அந்த ஓர் எழுத்துக்கு 'இது உலகப் பொது நேரம்' என்று பொருள். உறுப்பினர்களின் கைபேசிகள் கோப்பில் இருந்ததை அப்படியே நம்பி, 6 மணியோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி 11.30 என்று காட்டின.

நாட்காட்டிப் பரிமாற்றத்தில் நேரும் பிழைகளுக்கு இந்தக் குணம் உண்டு. உங்கள் கணினியில் எல்லாம் சரியாகவே தெரியும். தவறு வெளிப்படுவது வேறொருவரின் கைபேசியில். பாதிக்கப்படுவது அவருடைய ஒரு மாலைப்பொழுது. அதனால்தான் இந்த வேலையை முதல் நாளிலிருந்தே ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். பைத்தானில் சிறிய நிரல்கள் எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை போதும். நாட்காட்டிக் கோப்புகளைப் பற்றி முன்பே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நிரலில் வரும் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நிரல் எழுதும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்கு நிகழ்வைக் கொண்டுபோகும் கோப்புக்கு 'ஐசிஎஸ்' என்ற பின்னொட்டு இருக்கும். ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமன்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய 'வெர்சிட்' கூட்டமைப்பு 1996இல் வெளியிட்ட 'விகேலண்டர்' என்ற வடிவமே இதற்கு முன்னோடி. 1998 நவம்பரில் அது 'ஐகேலண்டர்' என்ற இணையத் தரமாக, ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தர ஆவண வரிசையில் 2445 என்ற எண்ணில் வெளிவந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2009 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 5545. கூகுள், ஆப்பிள், அவுட்லுக், தண்டர்பேர்டு ஆகியவை தங்களுக்குள் நிகழ்வுகளைப் பரிமாறிக்கொள்வது இந்த ஒரே மொழியில்தான்.

அத்தகைய கோப்பு ஒன்றை உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய வடிவம் அது. வெளிப்பெட்டியின் பெயர் 'விகேலண்டர்'. உள்ளே ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு 'விஈவென்ட்' பெட்டி. செய்ய வேண்டிய பணிக்கு 'விடூடூ', நேர மண்டல விவரத்துக்கு 'விடைம்சோன்', நிகழ்வுக்குள் அடங்கும் நினைவூட்டலுக்கு 'விஅலாரம்' என்று வேறு பெட்டிகளும் உண்டு. பெட்டிக்குள் ஒவ்வொரு வரியிலும் ஒரு பண்பின் பெயர், பிறகு முக்காற்புள்ளி, பிறகு மதிப்பு.

பார்க்க மிக எளிமையாக இருப்பதால் கையாலேயே எழுதிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உரைக்குள் வரும் காற்புள்ளி, அரைப்புள்ளி, பின்சாய்கோடு ஆகியவற்றின் முன்னால் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். ஒவ்வொரு வரியும் இரண்டு கட்டுப்பாட்டுக் குறிகளோடு முடிய வேண்டும். நீண்ட வரிகளை மடிக்க வேண்டும். கூட்டம் நடக்கும் முகவரியில் காற்புள்ளி இல்லாமல் இருக்குமா? இந்தச் சில்லறை வேலைகளையெல்லாம் நிரலகத்திடம் விட்டுவிடுங்கள்.

படி 1: நிறுவுதல்

பைத்தானில் இந்தத் தரத்தைக் கையாளும் நிரலகத்தின் பெயரும் 'ஐகேலண்டர்' என்பதுதான். திறமூல நிரலகம், பிஎஸ்டி உரிமம் கொண்டது. வணிகச் செயலியிலும் தடையின்றிச் சேர்க்கலாம். திட்டத்துக்கென ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, முனையத்தில் 'பிப் இன்ஸ்டால் ஐகேலண்டர்' என்று இட்டால் போதும். தேதிகளைக் கையாளும் 'டேட்யுடில்' நிரலகமும் நேர மண்டலத் தரவும் அதோடு சேர்ந்தே வரும். பதிப்பு எண் 6 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்குரிய காரணம் படி 3இல் வருகிறது.

வேறு மொழியில் எழுதுபவர்களும் மேலே படிக்கலாம். சி மொழிக்கு 'லிப்ஐகால்', ஜாவாவுக்கு 'ஐகால்4ஜே', டாட்நெட்டுக்கு 'ஐகால் டாட் நெட்', ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 'ஐகால் டாட் ஜேஎஸ்', பிஎச்பிக்கு 'சாப்ரே விஆப்ஜெக்ட்' இருக்கின்றன. கட்டளைகள் மாறும். தரம் ஒன்றே என்பதால் கீழே சொல்லும் பொறிகள் எல்லா மொழியிலும் அப்படியே காத்திருக்கும்.

படி 2: முதல் கோப்பு

நிரலின் தலைப்பில் 'ஐகேலண்டர்' நிரலகத்திலிருந்து 'கேலண்டர்', 'ஈவென்ட்' என்ற இரண்டு வகுப்புகளை இறக்குமதி செய்யுங்கள். முதலில் வெறும் 'கேலண்டர்' பொருள் ஒன்றை உருவாக்குங்கள். அதன் 'ஆட்' என்ற கட்டளையால் இரண்டு பண்புகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒன்று 'ப்ராட்ஐடி', அதாவது இந்தக் கோப்பைத் தயாரித்த செயலியின் பெயர். மற்றொன்று 'வெர்ஷன்'. அதன் மதிப்பு எப்போதும் 2.0. இது உங்கள் செயலியின் பதிப்பு எண் அன்று, தரத்தின் பதிப்பு எண். செயலியின் எண்ணை இங்கே எழுதிவிட்டு, கோப்பு ஏன் திறக்கவில்லை என்று தேடுபவர்கள் உண்டு.

அடுத்து ஓர் 'ஈவென்ட்' பொருள். அதில் அதே 'ஆட்' கட்டளையால் தலைப்பை 'சம்மரி' என்ற பெயரிலும், தொடக்கத்தை 'டிடிஸ்டார்ட்' என்ற பெயரிலும், முடிவை 'டிடிஎண்ட்' என்ற பெயரிலும் சேருங்கள். இடத்துக்கு 'லொகேஷன்', விளக்கத்துக்கு 'டிஸ்கிரிப்ஷன்'. கட்டாயமாக வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு: நிகழ்வின் அடையாளமான 'யுஐடி', இந்தப் பதிவு தயாரான நேரமான 'டிடிஸ்டாம்ப்'. பின்னதை உலகப் பொது நேரத்தில்தான் தர வேண்டும். முடித்ததும் 'ஆட்_காம்பொனென்ட்' கட்டளையால் நிகழ்வை நாட்காட்டிக்குள் வையுங்கள். கடைசியாக நாட்காட்டியின் 'டூ_ஐகால்' கட்டளையை அழைத்தால் முழுக் கோப்பும் உங்கள் கையில்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள்.

பண்புகளைச் சேர்க்க எப்போதும் 'ஆட்' கட்டளையையே பயன்படுத்துங்கள். பைத்தான் அகராதியில் செய்வதுபோல் சதுர அடைப்புக்குறிக்குள் பெயரை இட்டு நேரடியாக மதிப்பைத் தரவும் இந்த நிரலகம் அனுமதிக்கிறது. அப்படித் தந்தால் அது உங்கள் மதிப்பை மாற்றாமல் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். தேதியை உரிய வடிவத்துக்கு மாற்றுவதும் நேர மண்டலக் குறிப்பைச் சேர்ப்பதும் 'ஆட்' வழியாக வந்தால்தான் நடக்கும்.

'டூ_ஐகால்' திருப்பித் தருவது உரைச் சரமல்ல, பைட்டுகள். கோப்பை இரும முறையில், அதாவது 'டபிள்யூபி' என்ற முறையில் திறந்து எழுதுங்கள். அதை உரையாக மாற்றி, விண்டோஸ் கணினியில் சாதாரண உரை முறையில் எழுதினால் வரி முடிவுக் குறி இரட்டிக்கும். சில செயலிகள் அதைப் பொறுத்துக்கொள்ளும், சில கோப்பையே மறுத்துவிடும்.

படி 3: நேரம்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நாட்காட்டிப் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

இந்தத் தரத்தில் ஒரு நேரத்தை மூன்று விதமாக எழுதலாம். எந்தக் குறிப்பும் இல்லாமல் வெறும் எண்ணாக எழுதினால் அது மிதக்கும் நேரம். பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரின் 6 மணி. தினமும் காலை மாத்திரை சாப்பிட நினைவூட்டுவதற்கு இது பொருந்தும், கூட்டத்துக்குப் பொருந்தாது. கடைசியில் 'இசட்' சேர்த்தால் உலகப் பொது நேரம். 'டிஇசட்ஐடி' என்ற குறிப்போடு ஊரின் பெயரைச் சேர்த்தால் அந்த ஊரின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட நேரம்.

மனிதர்கள் கூடும் எந்த நிகழ்வுக்கும் மூன்றாவதையே பரிந்துரைப்பேன். பைத்தானின் 'சோன்இன்ஃபோ' வகுப்பில் 'ஏஷியா/கொல்கத்தா' என்ற பெயரைக் கொடுத்து, அதைத் தேதிப் பொருளோடு இணைத்து 'ஆட்' கட்டளைக்குத் தந்தால், நிரலகம் 'டிஇசட்ஐடி' குறிப்பைத் தானே எழுதும்.

"இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்தானே, ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் பொது நேரமாகவே எழுதிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். ஒரே ஒருமுறை நடக்கும் நிகழ்வுக்கு அது சரிவரும். வாராவாரம் நடக்கும் நிகழ்வுக்குச் சரிவராது. டொராண்டோவில் உள்ள தமிழ் அன்பர்கள் ஞாயிறு காலை 10 மணிக்கு இணையவழிக் கூட்டம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அது தமிழ்நாட்டில் இரவு 8.30. மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அன்றிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை அதே கூட்டம் நமக்கு இரவு 7.30. ஊர்ப் பெயரோடு எழுதிய கோப்பு இந்த மாற்றத்தைத் தானே புரிந்துகொள்ளும். பொது நேரத்தில் எழுதிய கோப்பால் முடியாது. கோடை வந்ததும் டொராண்டோக்காரர்களுக்கே அது கூட்டத்தை 11 மணி என்று காட்டும்.

கடிகாரத்தை மாற்றாத நாடுகளில் இந்தச் சிக்கல் இல்லை என்றும் எண்ண வேண்டாம். இலங்கை 1996 மே மாதத்தில் தன் நேரத்தைப் பொது நேரத்துக்கு ஆறரை மணி நேரம் முன்னதாக மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் அதை 6 மணி நேரமாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. கொழும்பில் 2000ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வைப் பதியும்போது 'ஐந்தரை' என்று எண்ணால் எழுதினால் அரை மணி நேரம் பிசகும். 'ஏஷியா/கொழும்பு' என்று பெயரால் எழுதினால் அந்த வரலாறு முழுவதும் கணக்கில் வரும். உலக நேர மண்டலத் தரவுத்தளம் இந்த மாற்றங்களை எல்லாம் பதிந்து வைத்திருக்கிறது.

பதிப்பு 6 வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு முன்பு இந்த நிரலகம் 'பைடிஇசட்' என்ற பழைய நேர மண்டல நிரலகத்தை நம்பியிருந்தது. 6இலிருந்து பைத்தானுடனேயே வரும் 'சோன்இன்ஃபோ' அதன் இடத்தைப் பிடித்தது. பழைய 'பைடிஇசட்' மண்டலத்தைத் தேதிப் பொருளில் நேரடியாக வைத்தால், இந்தியத் திட்ட நேரத்துக்குப் பதிலாகக் கொல்கத்தாவின் பழங்காலச் சூரிய நேரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது பொது நேரத்துக்கு 5 மணி 53 நிமிடம் முன்னே இருப்பது. பொது நேரத்துக்கு மாற்றும்போது உங்கள் 6 மணிக் கூட்டம் 5.37 ஆகிவிடும். எங்காவது 23 நிமிடம் இடிப்பதைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கோப்பில் ஊர்ப் பெயரைக் குறிப்பிட்டால், அந்த ஊரின் நேர விதியைச் சொல்லும் 'விடைம்சோன்' பெட்டியும் அதே கோப்பில் இருக்க வேண்டும் என்பது தரத்தின் விதி. நாட்காட்டி நிறைந்ததும் 'ஆட்_மிஸ்ஸிங்_டைம்சோன்ஸ்' என்ற கட்டளையை அழைத்துவிடுங்கள். விடுபட்ட பெட்டிகளை அது தானே சேர்க்கும்.

படி 4: ஒரு நிகழ்வுக்கு ஒரே அடையாளம்

'யுஐடி' பார்க்க வெறும் நீண்ட எழுத்துக் கோவைதான். ஆனால் பிற செயலிகள் உங்கள் நிகழ்வை அறிந்துகொள்வது அதை வைத்துத்தான். ஒரே யுஐடியோடு மறுபடியும் வந்தால் 'பழைய நிகழ்வில் திருத்தம்' என்று கொள்ளும். வேறு யுஐடியோடு வந்தால் அது புது நிகழ்வு.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, கோப்பைத் தயாரிக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணை உருவாக்கி யுஐடியாக வைப்பது. பயனர் இரண்டாம் முறை கோப்பை இறக்கிச் சேர்த்தால் நாட்காட்டியில் அதே கூட்டம் இரண்டாக நிற்கும். யுஐடியை நிகழ்வு பிறக்கும்போது ஒரே ஒருமுறை உருவாக்குங்கள். தரவுத்தளத்தில் அந்த நிகழ்வின் வரிசையிலேயே சேமித்து வையுங்கள். அதற்குப் பிறகு எதற்காகவும் மாற்றாதீர்கள்.

நேரமோ இடமோ மாறினால் 'சீக்வென்ஸ்' என்ற பண்பை ஒன்று கூட்டுங்கள். கூட்டம் ரத்தானால் 'ஸ்டேட்டஸ்' பண்பில் ரத்து என்பதற்குரிய சொல்லை எழுதி, அதே யுஐடியோடு அனுப்புங்கள். உங்கள் தரவுத்தளத்திலிருந்து நிகழ்வை அழித்தால், ஏற்கெனவே கோப்பை இறக்கிக்கொண்டவரின் நாட்காட்டியில் அது அழியாது.

படி 5: முழுநாள் நிகழ்வுகள்

மணி இல்லாமல் தேதியை மட்டும் தந்தால் அது முழுநாள் நிகழ்வு. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: முடிவுத் தேதி நிகழ்வில் சேராது. 2026 ஜனவரி 15, பொங்கல். தொடக்கம் 15 என்றால் முடிவு 16 என்று எழுத வேண்டும். மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் சேர்த்து 17 வரை ஒரே நிகழ்வாக இட விரும்பினால் முடிவு 18. இங்கே 17 என்று எழுதினால் பார்ப்பவருக்கு ஒரு நாள் விடுமுறை குறையும்.

படி 6: திரும்பத் திரும்ப வருபவை

வாசகர் வட்டத்தின் பத்து வாரக் கூட்டங்களைப் பத்து தனி நிகழ்வுகளாக எழுத வேண்டாம். 2026 ஜனவரி 4, ஞாயிறு, மாலை 6 மணி என்று முதல் கூட்டத்தை மட்டும் எழுதுங்கள். பிறகு 'ஆர்ரூல்' என்ற பண்பில் விதியைச் சேருங்கள். நிரலகத்துக்கு அதை ஓர் அகராதியாகத் தரலாம்: இடைவெளி வாரம், கிழமை ஞாயிறு, எண்ணிக்கை 10. முதல் கூட்டமும் எண்ணிக்கையில் சேர்வதால் கடைசிக் கூட்டம் மார்ச் 8இல் வரும். தொடக்கத் தேதியே விதிக்குப் பொருந்தாமல் இருக்கக்கூடாது. 'ஞாயிறுதோறும்' என்று விதி எழுதிவிட்டுத் தொடக்கத்தைச் சனிக்கிழமையாகத் தந்தால், என்ன நடக்கும் என்பதைத் தரம் வரையறுக்கவில்லை. ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

எண்ணிக்கைக்குப் பதிலாக 'அண்டில்' என்று கடைசி நாளையும் தரலாம். தொடக்கத்தை ஊர்ப் பெயரோடு எழுதியிருந்தால், கடைசி நாளைப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. மார்ச் 8 மாலை 6 மணி என்பது அங்கே 12.30 ஆகும். எண்ணிக்கை அல்லது கடைசி நாள், இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத் தரக்கூடாது.

ஜனவரி 18 ஞாயிறு பொங்கல் விடுமுறையின் கடைசி நாள். ஊருக்குப் போனவர்கள் பஸ்ஸில் இருப்பார்கள், கூட்டம் கிடையாது. அந்த ஒரு நாளை நீக்க 'எக்ஸ்டேட்' என்ற பண்பு உதவும். அதற்கு வெறும் தேதியைத் தந்தால் போதாது. நீக்க வேண்டிய கூட்டத்தின் துல்லியமான தொடக்கத்தை, அதாவது 18ஆம் தேதி மாலை 6 மணி என்பதை, அதே நேர மண்டலத்தோடு தர வேண்டும். மணி பொருந்தாவிட்டால் நீக்கம் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. நீக்கிய நாளும் எண்ணிக்கை 10இல் அடக்கம் என்பதால் நடக்கப்போவது ஒன்பது கூட்டங்கள். பத்தும் நடக்க வேண்டும் என்றால் 11 என்று எழுதுங்கள்.

ஜனவரி 25 கூட்டத்தை மட்டும் 5 மணிக்கு மாற்ற வேண்டுமா? அதே யுஐடியோடு இரண்டாவது நிகழ்வுப் பெட்டி ஒன்றைச் சேருங்கள். அதில் 'ரெகரன்ஸ்-ஐடி' என்ற பண்பில் பழைய நேரமான 6 மணியையும் தொடக்கத்தில் புதிய நேரமான 5 மணியையும் எழுதுங்கள். திரும்ப வரும் விதியை இந்தப் பெட்டியில் எழுதக்கூடாது.

மாத விதிகளில் ஒரு பொறி. 'மாதந்தோறும் 31ஆம் தேதி' என்று எழுதினால் 31 இல்லாத மாதங்களில் நிகழ்வு 30க்கு நகராது, அந்த மாதமே விடுபடும். மாதக் கடைசி நாள் என்று சொல்ல வேண்டுமானால் தேதியின் இடத்தில் கழித்தல் 1 என்று எழுதுங்கள். கடைசி ஞாயிற்றுக்கும் அதே முறைதான்.

பண்டிகைகளை ஆண்டு விதியில் அடைக்க முயல வேண்டாம். பொங்கல் 2025இல் ஜனவரி 14, 2026இல் ஜனவரி 15. அமாவாசையும் பௌர்ணமியும் சந்திரனைப் பார்த்து வருபவை. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வோர் ஆண்டின் தேதியையும் தனி நிகழ்வாக எழுதுவதே நேர்மையான வழி.

நிரலகம் இந்த விதிகளை எழுதும், படிக்கும். ஆனால் விதியை விரித்து 'இந்த மாதம் எந்தெந்த நாள்' என்று பட்டியல் தருவது அதன் வேலை அல்ல. அதற்கு 'ரெகரிங்-ஐகால்-ஈவென்ட்ஸ்' என்ற துணை நிரலகம் இருக்கிறது. நாட்காட்டியை அதனிடம் கொடுத்து, இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்டவை எவை என்று கேட்டால், நீக்கிய நாளையும் மாற்றிய மணியையும் கணக்கில் கொண்டு பட்டியலிடும்.

தமிழில் எழுதும்போது

ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகாமல் மடிக்க வேண்டும் என்று தரம் சொல்கிறது. அடுத்த வரி ஓர் இடைவெளியோடு தொடங்கினால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை, அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட். யுடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். 'திருவள்ளுவர்' என்ற ஒரே சொல் 12 குறியீடுகள், 36 பைட்டுகள். 'சம்மரி' என்ற பெயரும் முக்காற்புள்ளியும் 8 பைட்டுகளை எடுத்துக்கொண்ட பிறகு, ஒரு வரியில் மிஞ்சுவது 22 குறியீடுகளுக்கான இடம். ஆகவே நம் தலைப்புகளில் ஏறக்குறைய எல்லாமே மடிபடும்.

மடிப்பவர் பைட்டுகளை மட்டும் எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுகள் இரண்டு வரிகளில் சிதறும். இப்படி நடக்கக்கூடும் என்று ஆர்எஃப்சி 5545 தானே எச்சரிக்கிறது. தலைப்பின் நடுவே கேள்விக்குறியும் கட்டமுமாகத் தெரியும் தமிழ் அழைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இதுவும் ஒரு காரணம். 'ஐகேலண்டர்' நிரலகம் குறியீட்டின் எல்லை பார்த்தே மடிக்கிறது. தமிழை ஏற்கும் செயலி எழுதுபவர்கள் எந்த நிரலகத்தைத் தேர்ந்தாலும் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீளமான ஒரு தமிழ்த் தலைப்பு போதும்.

படி 7: பிறர் கோப்பைப் படித்தல்

கோப்பை இரும முறையில் படித்து, 'கேலண்டர்' வகுப்பின் 'ஃப்ரம்_ஐகால்' கட்டளையிடம் தாருங்கள். கிடைத்த நாட்காட்டியின் 'வாக்' கட்டளைக்கு 'விஈவென்ட்' என்ற பெயரைக் கொடுத்தால் நிகழ்வுகள் ஒவ்வொன்றாக வரும். 'கெட்' கட்டளையால் பண்பைக் கேளுங்கள். தேதிப் பண்புகளில் அதன் உள்ளே இருக்கும் 'டிடி' என்ற உறுப்பே பைத்தானின் தேதிப் பொருள்.

வெளியிலிருந்து வரும் கோப்பில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 'டிடிஎண்ட்' இல்லாமல் இருக்கலாம். அப்போது 'ட்யூரேஷன்' என்ற கால அளவு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், தொடக்கம் வெறும் தேதியாக இருந்தால் ஒரு முழு நாள், மணியோடு இருந்தால் தொடங்கிய கணமே முடிவு. தொடக்கம் தேதியா, மணியோடு கூடியதா என்று சோதிக்கும்போது கவனம் தேவை. பைத்தானில் மணியோடு கூடிய தேதியும் 'தேதி' வகையின் வாரிசுதான். 'இது தேதியா' என்று முதலில் கேட்டால் இரண்டுக்கும் 'ஆம்' என்றே பதில் வரும். 'மணியோடு கூடியதா' என்பதை முதலில் கேளுங்கள்.

அவுட்லுக்கிலிருந்து வரும் கோப்புகளில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக 'இந்தியா ஸ்டாண்டர்டு டைம்' என்று விண்டோஸ் வைத்த பெயர் இருக்கும். நிரலகத்துக்கு அந்தப் பெயர்கள் தெரியும். 'ஏஷியா/கல்கத்தா' என்ற பழைய பெயரும் செல்லுபடியாகும். ஒரே கோப்பில் இரண்டு மூன்று நாட்காட்டிகள் இருந்தால் மட்டும் 'ஃப்ரம்_ஐகால்' பிழை காட்டும். 'மல்டிபிள்' என்ற தெரிவை உண்மை என்று வைத்தால் பட்டியலாகத் தரும்.

அந்நியர் தரும் கோப்பை அந்நியர் தரும் எந்தத் தகவலையும்போல் நடத்துங்கள். 'நொடிக்கு ஒருமுறை, முடிவே இல்லாமல்' என்று ஒரு விதியை எவரும் எழுதி அனுப்பலாம். எல்லை வகுக்காமல் அதை விரித்தால் உங்கள் சர்வர் மூச்சுத்திணறும். எப்போதும் இரண்டு தேதிகளுக்கு இடையிலேயே விரியுங்கள், எத்தனை என்பதற்கும் ஒரு வரம்பு வையுங்கள். விளக்கப் பகுதியை வலைப்பக்கத்தில் காட்டும் முன் அதிலுள்ள நிரல் குறிகளைச் செயலிழக்கச் செய்யுங்கள். இணைப்பாக வந்த முகவரிகளைத் தானாகத் திறக்காதீர்கள்.

படி 8: பயனர் கையில் சேர்த்தல்

எளிய வழி, இறக்கிக்கொள்ளும் கோப்பு. சர்வர் அதை அனுப்பும்போது உள்ளடக்க வகை 'டெக்ஸ்ட்/கேலண்டர்' என்றும் குறிமுறை யுடிஎஃப்-8 என்றும் சொல்ல வேண்டும். இது பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். ஆனால் இறக்கிய கோப்பு அன்றைய நிலவரம் மட்டுமே, பிறகு நீங்கள் செய்யும் மாற்றம் அதற்குப் போய்ச் சேராது.

மாற்றங்களும் போய்ச் சேர வேண்டுமென்றால் அதே கோப்பை நிலையான இணைய முகவரி ஒன்றில் வைத்துச் சந்தா வசதி தாருங்கள். முகவரியின் தொடக்கத்தில் 'வெப்கால்' என்று வைத்தால் பல கைபேசிகள் உடனே சந்தாத் திரையைத் திறக்கும். சந்தா நாட்காட்டிகளை எப்போது புதுப்பிப்பது என்பதை அந்தந்தச் செயலியே முடிவு செய்கிறது. சிலவற்றில் பல மணி நேரம் ஆகும். 2016இல் வந்த ஆர்எஃப்சி 7986 'ரிஃப்ரெஷ்-இன்டர்வல்' என்ற பண்பைத் தந்திருக்கிறது. அது பரிந்துரைதான், எல்லாரும் கேட்பதில்லை. இன்று மாலைக் கூட்டத்தை இன்று மதியம் ரத்து செய்தால் சந்தாவை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், குறுஞ்செய்தியும் அனுப்புங்கள்.

வருகிறேன், வரவில்லை என்று பதில் கேட்கும் மின்னஞ்சல் அழைப்பு மூன்றாவது வழி. அதற்கு 'மெத்தட்' என்ற பண்பும் அமைப்பாளர், பங்கேற்பாளர் முகவரிகளும் வேண்டும். இரு பக்கமும் தொடர்ந்து ஒத்திசைவு வேண்டுமென்றால் 2007இல் வரையறுக்கப்பட்ட 'கால்டாவ்' நெறிமுறை இருக்கிறது. முதல் இரண்டையும் சில மாதம் நடத்திப் பார்த்த பிறகு இவற்றுக்கு வாருங்கள்.

படி 9: சோதனை

முதல் சோதனையை நிரலிலேயே எழுதலாம். நிகழ்வை உருவாக்கி, 'டூ_ஐகால்' வழியே எழுதி, உடனே 'ஃப்ரம்_ஐகால்' வழியே படித்து, தலைப்பும் தொடக்கமும் முடிவும் மாறாமல் திரும்பி வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள். நீளமான தமிழ்த் தலைப்பு, காற்புள்ளி உள்ள முகவரி, முழுநாள் நிகழ்வு, நீக்கிய நாள் உள்ள தொடர் நிகழ்வு, டொராண்டோ மண்டலத்தில் மார்ச் மாத நிகழ்வு ஆகிய ஐந்தும் அந்தச் சோதனையில் இருக்கட்டும்.

இது மட்டும் போதாது. நீங்கள் எழுதியதை நீங்களே படிக்கிறீர்கள் என்பதால், இரு பக்கமும் ஒரே தவறு இருந்தால் சோதனை அதைக் காட்டாது. அதே கோப்பைக் கூகுள் நாட்காட்டி, ஐபோன், அவுட்லுக், தண்டர்பேர்டு நான்கிலும் திறந்து பாருங்கள். கைபேசியின் நேர மண்டலத்தை லண்டனுக்கு மாற்றி ஒருமுறை பாருங்கள். மறுபடியும் அதே கோப்பைச் சேர்த்து, நிகழ்வு இரட்டிக்கிறதா என்று பாருங்கள்.

ஏதாவது ஒரு கோப்பில் நிரலகமே தடுமாறினால் அந்தக் கோப்பைத் தூக்கி எறியாதீர்கள். அதிலிருந்து பெயர், மின்னஞ்சல், இடம், இணைப்பு எல்லாவற்றையும் நீக்கி, பிழை காட்டும் சில வரிகளை மட்டும் மிச்சம் வையுங்கள். கிட்ஹப்பில் 'கலெக்டிவ்' என்ற குழுவின் கீழ் இந்த நிரலகத்தின் பக்கம் இருக்கிறது. எந்தப் பதிப்பு, எதை எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் எழுதி, அந்தச் சில வரிகளோடு அங்கே பதியுங்கள். பிழை தமிழ் எழுத்துகளில்தான் வருகிறது என்றால், மாதிரியிலும் தமிழையே வையுங்கள்.